கறுப்பு அட்டை

நான் ஒருமுறை செத்துப் பிழைத்தவன் என்று பேச்செடுத்தால் என் மனைவி, "மொதல்ல வாயக் கழுவுங்க" என்பாள். அதனால் வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வேலை செய்யும் இடத்திலும் பேச முடியாது. ஏன் முடியாது என்பது போகப் போகத் தெரியும். மிச்சம் இருப்பது காகிதம்தான்.

மீமிசலுக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் ஓர் இறால் கம்பெனியில் நான் பகல் ஷிப்ட் சூப்பர்வைசர். இறாலை உரித்து, நரம்பெடுத்து, அளவுவாரியாகப் பிரித்து, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். என் கீழே அறுபது பெண்களும் பத்துப் பன்னிரண்டு ஆண்களும் இருக்கிறார்கள். உள்ளே எப்போதும் ஐஸ் குளிர், குளோரின் வாடை, இயந்திரச் சத்தம். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசித்தான் என் குரல் கத்தலாகிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வேன். என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். கீரமங்கலத்தில் எங்கள் வீட்டில் இயந்திரம் எதுவும் ஓடவில்லையே என்பாள்.

எங்கள் மேலாளருக்கு ஒரு நாள் ஞானம் பிறந்து, தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கேன்டீன் மேஜைகளை ஓரம் கட்டிவிட்டு, சூப்பர்வைசர்களையும் லைன் லீடர்களையும் வட்டமாக உட்கார வைத்துத் திருச்சியிலிருந்து வந்த ஒருவர் நடத்துவார். பந்தை எறிந்து பிடிக்கச் சொல்வார். கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் தோளைப் பிடித்து நடக்கச் சொல்வார். அறைக்குள் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்போது இங்கே பந்து விளையாடுகிறோமே என்று எனக்கு முதல் நாளே எரிச்சல்.

மூன்றாவது வாரம் அவர் ஒரு வேலை செய்தார். என் கீழே இருக்கும் எட்டு லைன் லீடர்களிடமும் துண்டுத்தாள் கொடுத்து, என்னைப் பற்றி ஒரு வரி, பெயர் போடாமல் எழுதச் சொன்னார். எட்டையும் மடித்து என் கையில் தந்தார். ஐந்து தாளில் ஏறக்குறைய ஒரே விஷயம்தான் இருந்தது. யார் பேச ஆரம்பித்தாலும் முடிக்க விட மாட்டார். பெயர் போடாவிட்டால் என்ன, கையெழுத்து எனக்குத் தெரியாதா? தினமும் அவர்கள் எழுதும் படிவங்களில் கையெழுத்துப் போடுகிறவன் நான். மிகக் காட்டமாக எழுதியிருந்தது பேக்கிங் பிரிவு லைன் லீடர். கணவனும் இரண்டு பிள்ளைகளும் உள்ள, பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரப் பெண். திங்கட்கிழமை அவளிடம் வேண்டுமென்றே இரண்டு தடவை சள்ளென்று விழுந்தேன். அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது.

பயிற்சியில் இன்னொரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொருவரும் வேலைக்கு வெளியே ஏதாவது ஒரு பொதுச்சேவை செய்துவிட்டு வந்து அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசாவிட்டால் பயிற்சி முடித்ததாகச் சான்றிதழ் இல்லை. சுறுசுறுப்பானவர்கள் ரத்த தானம், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, கண்மாய்க் கரையில் மரக்கன்று வைப்பது என்று நல்ல நல்ல வேலைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் நாளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் மிச்சமிருந்த ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். அந்த பேக்கிங் லைன் லீடரின் ஊர்க் கடற்கரையில் புயல் ஒத்திகை. புயலில் அடிபட்டவர்களாக நடிக்க ஆள் வேண்டுமாம். எங்கள் கம்பெனியிலிருந்து பதினைந்து பேர் போனோம்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி வெயில். படகுகள் ஒதுங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட மீன் ஏலக்கூடம். அங்கேதான் எங்களை நிறுத்தினார்கள். நடிப்பவர்கள் நல்ல உடுப்பைப் பாழாக்க வேண்டாம் என்று ஊருக்குள்ளிருந்து பழைய துணிகள் வாங்கி ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். நான் கையை விட்டு ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். பழைய துணி என்று சொல்ல முடியாது. துவைத்து, நீவி மடித்த சட்டை. சோப்பு வாசனை கூட இருந்தது. எனக்குக் கொஞ்சம் இறுக்கம்தான், இருந்தாலும் மாட்டிக்கொண்டேன்.

பிறகு அட்டைகள் கொடுத்தார்கள். பச்சை அட்டைக்காரன் லேசான காயம், நடந்து போகலாம். மஞ்சள் காத்திருக்க வேண்டும். சிவப்பு உயிருக்கு ஆபத்து, அலற வேண்டும், ஸ்ட்ரெச்சரில் மணலில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கறுப்பு, இறந்தவர். ஏலக்கூடத்து நிழலில் துணியைப் போர்த்திப் படுத்துக் கிடந்தால் போதும். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் கறுப்பு அட்டையை. நிழலில் ஒரு மணி நேரம் தூங்கலாம் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

அதை என் காலில் கட்டியது பேக்கிங் லைன் லீடர்தான். அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, இறந்தவர்கள் பகுதியில் பதிவேடு வைத்திருப்பது. உறவினர் வேஷம் போட்ட ஒருவர் வந்து அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போடுவார். அதை அவள் பார்த்து வாங்க வேண்டும். என் கால் கட்டைவிரலில் நூலைச் சுற்றியவள் என் சட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "சார், கறுப்பு வேணாமே. வேற அட்டை இருக்கு" என்று ஆரம்பித்தாள். வெயிலில் எவன் அலறுவான் என்று நான் பாதியிலேயே வெட்டிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, வழக்கம்போல மூடிக்கொண்டாள்.

கறுப்பு அட்டை மூன்று பேருக்கு. நான், எங்கள் ஐஸ் பிரிவு ஆள் ஒருவர், பக்கத்துக் கல்லூரிக்காரர் ஒருவர். சிமென்ட் தரையில் வரிசையாகப் படுத்தோம். முகம் மூட வெள்ளைத் துணி போர்த்தினார்கள். தரை முழுக்க மீன் கழுவிய தண்ணீர் ஊறிய வாடை. அந்த வாடை எனக்குப் புதிதல்ல, ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு, அதை மூக்கு முழுக்க வாங்கிக்கொண்டு, எதுவும் செய்யாமல் கிடப்பது புதிது. தூரத்தில் மெகாபோன் சத்தம், சிவப்பு அட்டைக்காரர்களின் அலறல், அதைப் பார்த்துச் சிரிக்கும் ஊர்ச்சனம். ஈ ஒன்று துணிக்கு மேலே நடந்தது. விரட்டக் கையெடுத்தவன், பிணம் விரட்டாது என்று நினைவு வந்து கையை விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கடற்காற்று துணியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. முகம் மூடித்தான் இருந்தது. நெஞ்சும் ஒரு கையும் வெளியே தெரிந்திருக்க வேண்டும். என் தலைமாட்டில் தூண் ஓரமாக நின்ற இரண்டு பெண்களின் பேச்சு அப்போது நின்றது.

"ஏ, அந்தச் சட்டையப் பாரு."

"ஆமாத்தா. அவ வீட்டுக்காரரு சட்டையில்ல அது? இது எப்புடி இங்கிட்டு வந்துச்சு?"

"மாமியாதான் கொடியில கெடந்தத உருவி மூட்டையில போட்டிருக்கும். அவகிட்டச் சொல்லிராத."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய? அவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதில் ஒரு சொல் கூட எனக்குத் தப்பவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மூன்று பேர் போன நாட்டுப்படகு கவிழ்ந்ததாம். இரண்டு பேரை வேறு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். மூன்றாமவர் கிடைக்கவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. அக்கரையில், இலங்கைப் பக்கம் எங்காவது கரையேறியிருப்பார் என்று யாரோ ஒருவர் ஆறுதலுக்குச் சொல்லப் போக, மனைவி அதையே பிடித்துக்கொண்டாள். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் காரியம் செய்ய விட மாட்டேன் என்று நிற்கிறாள். தாலியைத் தொட விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்துத் துவைத்துக் காயப்போடுகிறாள். யாரும் போடாத சட்டைகளை. மகனைப் பெற்றவள் கொடியில் அதைப் பார்த்துப் பார்த்துத் தாங்க முடியாமல் ஒன்றை ஒழித்துக் கட்டியிருக்கிறாள்.

அந்த ஒன்று என் உடம்பில் இருந்தது. சட்டை இறுக்குவது அப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழுந்து கழற்றி எறிந்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஒத்திகை என்ன பெரிய ஒத்திகை? ஆனால் அந்தப் பெண்கள் இரண்டு பேரும் சட்டென்று விலகுகிற சத்தம் கேட்டது. மணலில் ஒரு ஆள் நடந்து வருகிற சத்தம். அது சிமென்ட் தரையில் ஏறியது. என் பக்கத்தில் வந்து நின்றது.

துணி முகத்திலிருந்து விலகியது. இமைக்குள் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது, பிறகு ஒரு நிழல் விழுந்து இருட்டாகியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு பயம், அவ்வளவுதான், நடிப்பதற்காக அடக்கவில்லை. அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கிறாளா, வேறு யாரையாவது பார்க்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு விரல் சட்டைப்பையின் ஓரத்தை நீவிவிட்டது. 

பக்கத்தில் உட்கார்ந்தாள். வளையல் தரையில் உரசியது. அழவில்லை. சந்தைக்குப் போய் வந்தவரிடம் பேசுவது போன்ற குரலில் சொன்னாள்.

"ஒடம்பு போட்டிருக்கீங்க."

 இவளுக்குப் புத்தி கலங்கியிருக்கிறது, நான் கண்ணைத் திறந்து, அம்மா, நான் இறால் கம்பெனிக்காரன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"அன்னைக்கி என்னமோ சொல்ல வந்தீங்க. நான் அடுப்படியில நின்னேன். அப்பறம் சொல்லுங்கன்னேன். இப்பச் சொல்லுங்க, கேக்குறேன்."

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய பேச்சை நான் வெட்டியிருக்கிறேன். அவர்கள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் வெட்டுவேன். இங்கே ஒருத்தி பேசச் சொல்லிக் கெஞ்சுகிறாள், எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. அந்த மனிதர் என்ன சொல்ல வந்தாரோ? சோறு பற்றாது என்றா, தலை வலிக்கிறது என்றா, வானம் சரியில்லை என்றா? கடலுக்குள் போய்விட்டது அது. அவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. அவள் கடல் பக்கம் திரும்பியதை நிழல் விலகியதில் உணர்ந்து, திருட்டுத்தனமாக ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடக்கினேன்.

"சரி, சொல்ல வேணாம்" என்றாள்.

அந்த நேரத்தில் பேக்கிங் லைன் லீடர் பதிவேட்டோடு வந்தாள். உறவினர் வேஷக்காரர் யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தாளாம், குனிந்து எழுதிக்கொண்டே வந்ததில் ஆளைப் பார்க்கவில்லையாம். இதை அவள் பிறகு சொன்னாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டாள். அடையாளம் தெரியுதாங்க?

"தெரியுது. எங்க வீட்டுக்காரருதான்."

பதில் சொன்ன குரல் யாருடையது என்று தெரிந்ததும் லைன் லீடரின் பேனா தரையில் விழுந்து உருண்டது.  என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதை எடுத்து, நீட்டிய பதிவேட்டில் நிதானமாகப் பெயரை எழுதுகிற கீறல் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நான் வேறொருவனாக ஒரு நோட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏலக்கூடத்துக்கு வெளியே ஒரு கிழவியின் குரல் வீறிட்டது. மாமியார்தான் அது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஒன்றரை வருஷமாக அடக்கி வைத்தது. அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பெண்கள் ஓடி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். அது நடிப்பு இல்லை. என் காலடியில் ஒருத்தி, தலைமாட்டில் ஒருத்தி. பெயர் சொல்லி அழுதார்கள். என் பெயர் இல்லை அது. ஆனாலும் கூப்பிடுகிறது என்னைத்தான் என்று உடம்பு நம்ப ஆரம்பித்தது. கை கால் எல்லாம் சில்லிட்டன.

அப்போதுதான் விசில் அடித்தது.

ஒத்திகை முடிந்துவிட்டது, எல்லாரும் எழுந்து வரலாம், சாப்பாடு தயார் என்று மெகாபோனில் சொன்னார்கள். பக்கத்தில் படுத்திருந்த கல்லூரிக்காரர் எழுந்து ஓடியது கேட்டது. அவர் செத்தவராக இருந்து எழுந்ததை அழுதுகொண்டிருந்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஐஸ் பிரிவு ஆள் மண்ணைத் தட்டிக்கொண்டே என் காலைப் பிடித்து ஆட்டினார். "சார், எந்திரிங்க. தூங்கிட்டீங்களா?"

எழுந்திருக்க ஒரு வினாடி போதும். கண்ணைத் திறந்தால் அவள் முகம் நேரே இருக்கும். செத்தவன் எழுந்து உட்கார்ந்தால் அவள் சொன்ன சொல் பொய்யாகிவிடும். இத்தனை பேர் முன்னால், கடலுக்கு எதிரே, அவள் வாயால் ஒத்துக்கொண்டது கேலிக்கூத்தாகிவிடும். நாளையிலிருந்து மறுபடி கொடியில் சட்டைகள் காயும். இன்னொரு தடவை அவள் ஒத்துக்கொள்ள ஓர் உடம்பு கிடைக்காது. இது எல்லாம் ஒழுங்காக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பெருமை அடிப்பது. அவள் முடிக்கட்டும் என்று மட்டும் தோன்றியது. எழவில்லை.

ஐஸ் பிரிவு ஆள் மறுபடி காலை ஆட்ட வந்தபோது, லைன் லீடர் அவர் கையைத் தட்டிவிட்டாள். நான் அதைப் பார்க்கவில்லை, அடி விழுந்த சத்தத்தைக் கேட்டேன். பயிற்சியாளர் என்ன ஆச்சு, மயக்கமா என்று பதறி வருவதும் கேட்டது. அவள் அவரிடமும், மெகாபோன்காரரிடமும், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேடிக்கை பார்க்க வந்த எங்கள் ஆட்களிடமும் ஒரே குரலில் சொன்னாள். "யாரும் கிட்ட வராதீங்க. அவுக முடிச்சதுக்கப்பறம் வாங்க." எங்கள் தொழிற்சாலையில் நான் கத்தினால் கூட அப்படி ஓர் அமைதி வந்ததில்லை. அத்தனை ஆண்களும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள்.

குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு வந்து என் காலில் ஊற்றினார்கள். அட்டை நனைந்து கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. யாரோ என் தலையைச் சுற்றிப் பூவை உதிர்த்தார்கள். கையெழுத்துப் போட்டவள் துணியை இழுத்து என் முகத்தை மூடினாள், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி கழுத்தோரம் செருகி விட்டாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். திரும்பிப் பாக்காம நடங்க என்று ஒரு வயதானவர் சொன்னார். காலடிகள் மணலில் இறங்கி, தேய்ந்து, அலைச் சத்தத்தில் கலந்தன.

"போயிட்டாங்க சார்" என்றாள் லைன் லீடர்.

எழ முயன்றேன். கை வரவில்லை. கால் வரவில்லை. மரத்துப் போயிருக்கும், அவ்வளவுதான் என்று இப்போது சொல்லலாம். அந்த நிமிஷம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. துணிக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டேன், குரல் வெளியே போனதா என்று தெரியவில்லை. அவள் துணியை விலக்கியபோது அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துத்தான், நான் கண்ணைத் திறந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

சட்டையை வாங்கிப் போக மாமியார் ஆள் அனுப்பியிருந்தாள். கழற்றிக் கொடுத்தேன். உடம்பு இல்லாததால் அந்தச் சட்டையை வைத்து மேற்கொண்டு ஆக வேண்டியதைச் செய்தார்கள் என்றும், அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நாள் எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் நடந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் அவர் செத்த நாள் எதுவென்று கேட்டால், நான் படுத்திருந்த நாளைத்தான் சொல்வார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் அரைகுறையாகச் சொன்னேன். வாசலிலேயே நிறுத்தி இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டினாள். "வெள்ளிக்கெழம அதுவுமா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மறுநாள் கம்பெனியில் வருகைப்பதிவு இயந்திரத்தில் விரலை வைத்தேன். ஆளைத் தெரியவில்லை என்றது. துடைத்து வைத்தேன், மறுபடியும் அதேதான். ஐஸிலும் உப்பிலும் ஊறின விரலை அது அடிக்கடி ஏற்காது, எங்கள் எல்லாருக்கும் நடப்பதுதான். இருந்தாலும் பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. மீமிசல் கடைத்தெருவில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடைக்காரர் கிளாஸைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார்.

அதெல்லாம் போகட்டும். என்னைப் பிடித்து ஆட்டியது வேறு. என்னைத் தன் கணவர் என்று அடையாளம் காட்டியவள் என்னை உயிரோடு பார்த்துவிடக் கூடாது. அவள் ஊரைத் தாண்டித்தான் நான் தினமும் போக வேண்டும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, பட்டப்பகலில் ஒளிந்து ஒளிந்து போய் வந்தேன். மீன் வாங்க நிற்க மாட்டேன். பெட்ரோல் போட வேறு பக்கம் சுற்றுவேன். ஒருத்தியின் கணக்கில் செத்தவனாகவே இருப்பது அவ்வளவு சுலபமில்லை. பயிற்சியின் கடைசி நாளில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னபோது, ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

ஆறேழு மாதம் கழித்து, லைன் லீடர் என்னிடம் வந்து, உரிக்கும் பகுதியில் காலியிடத்துக்கு ஒரு ஆள் கூட்டி வந்திருப்பதாகச் சொன்னாள். சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இப்போதெல்லாம் அவள் பேச்சை முடிக்க விடுகிறேன், அதனால் முடித்தாள். வீட்டில் இருந்தால் மறுபடியும் துவைக்க ஆரம்பித்துவிடுவாள் சார், நீங்கதான் தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருக்கீங்களே, எப்படித் தெரியும் என்றாள்.

உண்மைதான். எங்கள் தொழிற்சாலைக்குள் எல்லாருக்கும் தலையிலிருந்து முழங்கால் பூட்ஸ் வரை வெள்ளை மூடாக்கு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அதை நினைத்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அன்றைக்கு அவள் என் முகம் முழுவதையும் பார்த்தாள், கண்ணைத் தவிர. இங்கே அவள் பார்க்கப் போவது அந்தக் கண்ணை மட்டும்தான்.

வந்து சேர்ந்தாள். மூன்றாவது மேஜை, ஜன்னல் ஓரம். வேகமான கை. யாரோடும் அதிகம் பேசாதவள். நான் அவள் இருக்கும் திசையில் குரலை உயர்த்தவே பயந்தேன். ஒரு மேஜையில் கத்தாதவன் அடுத்த மேஜையில் மட்டும் கத்த முடியுமா? மொத்த ஷிப்டிலும் என் குரல் இறங்கிவிட்டது. யாராவது சொல்ல வந்தால் நின்று கேட்டேன், நான் பேச வேண்டிய நேரம் குறையட்டும் என்று. அந்த வருஷம் மறுபடி துண்டுத்தாள் வாங்கினார்கள். எட்டில் ஏழு பேர் நல்லவிதமாக எழுதியிருந்தார்கள். பயிற்சி நன்றாக வேலை செய்திருக்கிறது என்று மேலாளர் மற்ற சூப்பர்வைசர்களிடம் என்னை உதாரணம் காட்டினார். பயத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிற உலகம் இது. லைன் லீடரை அடுத்த ஷிப்டுக்கு சூப்பர்வைசராக ஆக்கினார்கள்; அது மட்டும் நியாயமாக நடந்தது.

போன மாதம் ஒரு நாள், காலை பதினொன்று இருக்கும். மூன்றாவது மேஜையில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் தட்டில் இரண்டு மூன்று இறாலில் வால் ஓடு எடுபடாமல் இருந்தது. சுட்டிக்காட்டினேன். பேசவில்லை. அவள் அந்த இறால்களை எடுத்து ஓட்டைக் கழற்றினாள். தலையை நிமிர்த்தவில்லை. இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், எனக்கு மட்டும் சொன்னாள்.

"அன்னைக்கி நீங்க அம்புட்டு நேரம் மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடந்தீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் அப்புடி அடக்கத் தெரிஞ்சிருந்தா வந்திருப்பாருங்க."

சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள். அவள் கை நிற்கவில்லை. நான் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு எடை போடும் பக்கம் போனேன். மாஸ்க்குக்குள் மூச்சு விடுவதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது.